முன்னாடி வாங்க

முதலில் முதுகில் ஒரு கை வந்து விழும். பிடித்துத் தள்ளுகிற கை இல்லை. தோசைக்கல்லில் மாவைப் பரப்புகிற மாதிரி மெத்தென்று விழும். ஆனால் நின்ற இடத்தில் நிற்க விடாது. அப்புறம் காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்கும். “முன்னாடி போ. அங்க இடம் சும்மா கீது பாரு.” யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் நாம் இரண்டடி முன்னால் போயிருப்போம்.

எனக்கு அவள் அக்கா. பெயர் தெரியாமல் இல்லை. புனேயில் எங்கள் ஏரவாடா மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸை நான்தான் எழுதுவேன். ஏழாவது வரை படித்தவள்தான், ஆனாலும் எங்கள் சந்தில் தமிழைப் பிழையில்லாமல் எழுத வேறு ஆள் இல்லை. அது தெரிந்து ஒருநாள் அக்கா சொன்னாள்: “என்னைப் பத்தி எதுனா எழுதினியோ, பேரப் போட்டு என்னை முன்னாடி நிறுத்திடாதே.” ஊரையெல்லாம் முன்னால் நிறுத்துகிறவளுக்கு அந்த ஒரு பயம். அதனால் பெயர் போடவில்லை. இப்போது பேத்திக்கு நாசிக்கில் நர்ஸ் வேலை கிடைத்து, அவளோடு போய்விட்டாள். அங்கே எந்தக் கூட்டத்தை முன்னால் தள்ளிக்கொண்டு இருக்கிறாளோ, அம்மனுக்குத்தான் தெரியும்.

நாங்கள் வேலை பார்த்த இடத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணி நகருக்குப் பின்னால் ஒரு பழைய கம்பெனி ஷெட். தகரக் கூரை. அதற்குள் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒரு பக்கம் மேடை கட்டி, பாட்டு ஹாலாக ஆக்கியிருந்தார்கள். நாற்காலி கிடையாது, ஐந்நூறு பேர் நின்றுகொண்டே கேட்கலாம். சினிமாவில் பாடுகிற பெரிய ஆட்கள் அங்கே வர மாட்டார்கள். தாங்களே பாட்டு எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ரயிலில் போகிற பிள்ளைகள் வருவார்கள். நேற்று ஹைதராபாத், இன்று புனே, நாளை மும்பை. அவர்களுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. வாசலில் நின்று பெண்களுடைய பையைச் சோதித்து, மணிக்கட்டில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி உள்ளே விடுவது அக்காவின் வேலை.

அந்த ஸ்டாம்பில் மயில் படம். முதல் நாள் என் கையிலும் குத்தினாள். மயிலைப் பார்த்ததும் “முருகா” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இது டிக்கெட்டு மயிலுடி!”

“இருக்கட்டுமே. எந்த மயிலா இருந்தா என்ன, ஏறி வர்றவர் ஒருத்தர்தானே?”

அன்றைக்கே நாங்கள் சிநேகமாகிவிட்டோம்.

என் வீட்டுக்காரர் கடக்கி ஃபேக்டரியில் வேலை. “அங்க தண்ணியெல்லாம் விக்கிறாங்களாமே” என்று முறைத்தார். விற்றார்கள்தான். அது எதிர்ப்பக்கம். என் பக்கம் அடுப்புக்கு மேலே முருகன் படம் மாட்டியிருந்தேன். விளக்கேற்றிவிட்டுத்தான் பருப்பு வேகப் போடுவேன். அந்த ஹாலில் சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடிக்கும். விளக்குக்குத் திரி திரித்த மிச்சப் பஞ்சைக் காதில் வைத்துக்கொள்வேன். அதைப் பார்த்து சவுண்டு பார்க்கிற தம்பி தனக்கும் கேட்டான். அப்புறம் பாட வந்தவர்களே வரிசையில் நின்று கேட்டார்கள். திரிப் பஞ்சு எனக்கு மாதம் நாலு பாக்கெட் ஆனது.

நான் சேர்ந்த இரண்டாவது நாள் வடகிழக்கு மலைப்பக்கத்திலிருந்து நாலு பையன்கள் வந்தார்கள். மூன்று நாள் ரயில் பயணம். என் சாம்பாரை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு மேடைக்குப் போனார்கள். ஹாலில் நூறு பேர் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் பின்சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மேடைக்கும் அவர்களுக்கும் நடுவில் வெறும் தரை, பெரிய தேர்க்கோலமே போடலாம். கேள்விப்படாத ஆட்கள் வந்தால் ஜனங்கள் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி தூரமாக நின்று எடை போடுவார்கள். பையன்கள் வாசித்தார்கள். ஆனால் கண் மட்டும் அந்தக் காலித் தரையை விட்டு அகலவில்லை.

அக்கா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். புடவைமேல் போட்டிருந்த நீல யூனிபார்ம் சட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். நேராக நடந்து போய், காலி இடத்துக்கு நட்டநடுவில் நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, பாடுகிற பையனின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். ஆடவில்லை, தலையை அசைக்கவில்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று பார்க்கிற மாதிரி, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவளுக்கென்று பாட ஆரம்பித்தான். “மாவ்ஷியைப் பாரேன்” என்று பின்னாலிருந்து இரண்டு பெண்கள் கிட்டே வந்தார்கள். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. அந்த ஹாலில் எங்கள் இருவருக்கும் அதுதான் பெயர். அக்கா அவர்கள் முதுகில் கையை வைத்து முன்னால் விட்டாள். இரண்டு ஐந்தாயிற்று, ஐந்து இருபதாயிற்று. அந்தப் பாட்டு முடிவதற்குள் நூறு பேரும் மேடையை முட்டிக்கொண்டு குதித்தார்கள்.

நான் அக்காவைத் தேடினேன். ஆள் இல்லை. வாசலில், தாமதமாக வந்த ஒரு பெண்ணின் கையில் மயில் குத்திக்கொண்டு இருந்தாள்.

அவள் அப்படித்தான். காலியாக இருக்கிற வரைக்கும் நிற்பாள், நிறைந்துவிட்டால் நழுவிவிடுவாள். அத்தனை வருஷம் பாட்டு ஹாலில் வேலை பார்த்தவள், ஒரு பாட்டைக்கூட முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டதில்லை. கேட்டால், “பாதி போதும்டி எனக்கு. மீதிய மனசுல நானே போட்டுக்குவேன்” என்பாள்.

ஹாலில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஷேர் ரிக்ஷாவில் ஏறினால் கூச்சத்தோடு ஒதுங்கி உட்காருகிறவளைப் பார்த்து, “நடுவுல இன்னா கடப்பாரையா நட்டு வெச்சுக்கீது? உள்ள வாம்மா” என்பாள். சாவு வீட்டில் தெருமுனையிலேயே கைகட்டி நிற்கிற ஆம்பிளைகளை விட மாட்டாள். “அவ புருஷன் போயிட்டு ஒத்தையா உக்காந்துக்கினு இருக்கா, நீங்க ரோட்ட காவல் காக்கறீங்களா? முன்னாடி வாங்க” என்று வாசல் வரை ஓட்டிக்கொண்டு போவாள். கோயிலில் தீபாராதனை நேரத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கிற மருமகள்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்து அம்மனுக்கு நேரே நிறுத்துவாள். “பொண்ணுங்க முகத்த அவ பாக்க வேணாமா?”

என்னையும் ஒருநாள் தள்ளினாள். என் மகளுடைய ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். எனக்கு இங்கிலீஷ் வராது. என் மகள் பேசுகிற தமிழே பாதி இந்திதான். எந்தக் கூட்டமானாலும் கடைசி பெஞ்ச்தான் எனக்கு. துணைக்கு வந்த அக்கா என் முழங்கையைப் பிடித்து முதல் பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

“அக்கா, டீச்சர் எதுனா கேட்டா இன்னா சொல்றது?”

“சிரி. பொண்ணப் பெத்தவ நீ. பின்னாடி குந்தறதுக்கு நீ இன்னா திருடிக்கினா வந்தே?”

டீச்சர் ஏதோ கேட்டார். நான் சிரித்தேன். டீச்சரும் சிரித்துவிட்டு, உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று இந்தியிலேயே சொன்னார். அக்காவைத் தேடினால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு இருக்கிறாள்.

ஏன் இப்படி என்று அவளே ஒருநாள் சொன்னாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவள் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கன்டோன்மென்ட் பக்கம் கல்யாண பேண்டில் ட்ரம்பெட் ஊதினவராம்.

“கன்னம் ரெண்டும் வலிக்க வலிக்க ஊதுவாரு. ஜனங்க அத்தினி பேரும் அவருக்கு முதுகக் காட்டிக்கினு பிரியாணி துன்னுக்கினு இருப்பாங்க. ஒரு நாளாச்சும் ஒரு கொழந்த எதிர்ல வந்து வாயத் தொறந்துக்கினு நின்னுட்டா போதும். அன்னிக்கு ஊட்டுக்கு வர்றப்பவே ஆளு சிரிச்சுக்கினு வருவாரு. ‘இன்னிக்கு ஒருத்தரு முன்னாடி நின்னு கேட்டாரு’ம்பாரு.”

“கொழந்தைய ஒருத்தருன்னா சொல்வாரு?”

“ஆமாண்டி. அதுக்கு அம்மாம் மரியாதை.”

மிச்சம் இருந்த பீன்ஸுக்கு நார் எடுத்துக் கொடுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

இந்தக் குணம் ஒருநாள் அவளைப் பெரிய வம்பில் கொண்டுபோய் விட்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வழக்கம்போல் அக்கா வாசலை விட்டுவிட்டுக் காலித் தரையில் போய் நின்றிருந்தாள். திறந்து கிடந்த வாசல் வழியாக, பக்கத்து மாட்டுக்கொட்டகையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த ஒரு எருமை உள்ளே நுழைந்துவிட்டது. டீ-சர்ட் விற்கிற மேஜையில் ஒரு டீ-சர்ட்டின் கையை மென்றது. அப்புறம் நிதானமாக நடந்து மேடைக்கு முன்னால் போய் நின்றது. இதுவும் கச்சேரியில் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் விசில் அடித்தார்கள். எருமை அசையவில்லை. பாட்டு முடிகிற வரை நின்று கேட்டுவிட்டு, அதற்கு அப்புறம்தான் சாணி போட்டது.

மேனேஜர் இளவயசுக்காரர், மராத்திக்காரர், நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு அவர் முகம் கறுத்துவிட்டது. “இன்றைக்கு எருமை, நாளைக்கு யார் வருவார்கள்? நீங்கள் நிற்க வேண்டிய இடம் வாசல். இன்னொரு தடவை வாசலை விட்டீர்கள் என்றால், அதுதான் கடைசி நாள், மாவ்ஷி” என்று இந்தியில் சொல்லிவிட்டார்.

அக்கா எல்லாரும் இருக்கும்போது “அதுவும் முன்னாடிதானே சாப் போச்சு! மத்தவங்களவிட அதுக்கு மரியாதை தெரிஞ்சுது” என்று சிரித்துக்கொண்டாள். அடுக்களைக்கு வந்த பிறகு முகம் மாறிவிட்டது. இந்த வேலையை வைத்துத்தான் பேத்தி நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள். மகன் இருந்தும் இல்லாத மாதிரி. “போச்சுன்னா அந்தப் பொண்ணு படிப்பு நின்னு பூடும்டி” என்றாள். சவுண்டு தம்பியிடம் ஒரு முழம் வெள்ளை டேப் கேட்டு வாங்கினாள். வாசல்படிக்கு உள்ளே ஒரு அடி தள்ளி, தரையில் குறுக்கே ஒட்டினாள். என் முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றச் சொல்லி, கைவைத்துச் சத்தியம் பண்ணினாள்: கச்சேரி நடக்கும்போது இந்தக் கோட்டைத் தாண்ட மாட்டேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. முன்னால் தரை காலியாகக் கிடக்கும். இவள் கோட்டின் மேல் கால்விரலை வைத்துக்கொண்டு, கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி, கையைக் கையை வீசுவாள். யார் கண்ணிலும் படாது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்றைக்குக் கோயிலில் கூழ் ஊற்றுகிறோம். நான் ஹாலுக்கு லீவு. விடியற்காலை எழுந்து கேழ்வரகு மாவைக் காய்ச்சி, கூழ் கொண்டுபோய், மத்தியானம் வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் பிடித்தது பாருங்கள் மழை. புனே மழை நின்று பெய்யும் என்று தெரியும். அன்றைக்கு உட்கார்ந்தே பெய்தது. பந்தல் தார்ப்பாய் தண்ணீர் கோத்துத் தொங்கி, டமால் என்று கிழிந்து, பம்பைக்காரர்கள் தலையில் ஊற்றியது. எழுபது எண்பது பேர் கோயில் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நிற்கிறோம். மஞ்சள் புடவைகள் எல்லாம் காலோடு ஒட்டிக்கொண்டன. நாலு மணிக்கு என் போன் அடித்தது. அக்கா.

“எத்தினி பேரு கீறீங்க அங்க?”

“எதுக்குக்கா? பந்தல் போச்சு. நனைஞ்சிக்கினு நிக்கிறோம்.”

“அல்லாரையும் ஏத்திக்கினு இங்க வந்துடு.”

“எங்க? ஹாலுக்கா? அம்மன் திருவிழாவ உட்டுட்டா?”

“கேளுடி. தமிழ்ப் பொண்ணு ஒண்ணு பாட வந்துக்கீது. கோயம்புத்தூர்ப் பக்கம். அதுவே எழுதின பாட்டாம். தொணைக்கு மரப்பெட்டி மேல குந்திக்கினு அதுலயே தாளம் தட்டற பையன் ஒருத்தன். அவ்ளோதான். இந்த மழையில பத்துப் பேருகூட வரல. அஞ்சு மணிக்குக் கூட்டம் சேரலன்னா ஷோ கேன்சல்னு மேனேஜர் சொல்லிட்டாரு.” குரலைத் தாழ்த்தினாள். “சுடுதண்ணி கேட்டு வந்துச்சு. போன ஊர்ல ஏழு பேராம். அதுக்கு முன்னாடி பதினோரு பேராம். இன்னிக்கும் யாரும் வரலன்னா பொட்டிய மூடிட்டு ஊட்டுக்கு வந்துடறேன், நீ சொல்ற வேலைக்கே போறேன்னு அப்பன்கிட்ட சொல்லிக்கீதாம். சிரிச்சுக்கினே சொல்லுதுடி. அதான் எனக்குத் தாங்கல.”

“நீ போயி முன்னாடி நில்லேன்.”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“நான் கோட்டத் தாண்ட முடியாதே” என்றாள் அக்கா.

மேனேஜரிடம் கேட்டாளா என்றேன். கேட்டுவிட்டாளாம். மழையில் நனைந்த ஜனங்கள் என்று சொன்னதும், யாராக இருந்தாலும் உள்ளே வரட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

அம்மன் நாளில், அம்மன் ஜனங்களை, தண்ணிக் கவுன்ட்டர் இருக்கிற இடத்துக்கு நான் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? அம்மனையே பூக்கேட்டுவிட்டேன். வேப்பிலையோடு அரளியைச் சேர்த்து அம்மன் தோளில் வைத்து, “போகலாம்னா வலப்பக்கம் கொடு தாயே” என்று நின்றேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பொத்தென்று வலப்பக்கம் விழுந்தது.

“காத்தடிச்சுது, விழுந்துச்சு” என்றார் என் வீட்டுக்காரர்.

“காத்த அனுப்பினது யாரு?”

கரகத்துக்காகப் பிடித்து வைத்திருந்த டெம்போ, சீரியல் லைட்டும் வாழைமரமுமாக மழையில் நின்றுகொண்டிருந்தது. அவரே போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார். இரண்டு நடை அடித்தோம். பம்பைக்காரர்களும் ஏறிக்கொண்டார்கள்.

வாழைமரம் கட்டிய டெம்போ ஹால் வாசலில் வந்து நின்றதும் மேனேஜர் எழுந்தே விட்டார். எங்கள் ஜனங்கள் இறங்கினார்கள். மேடை, விளக்கு, உள்ளே புகை. அந்தப் புகை மெஷினில் வருகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? “சாம்பிராணி போட்டுக்கீறாங்க” என்று எல்லாரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே வந்தார்கள். அக்கா ஒவ்வொரு கையிலும் மயில் குத்தினாள். ஒவ்வொருத்தரும் “முருகா” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அக்கா என்னைப் பார்த்து, “உன்னாண்டதான் ஆரம்பிச்சுது இந்த நோவு” என்றாள்.

“முன்னாடி போங்க. நல்லா முன்னாடி. அங்க இடம் சும்மா கீது பாருங்க.” கோட்டைத் தாண்டாமலே எல்லார் முதுகிலும் கை வைத்து அனுப்பினாள்.

போனார்கள். போய் உட்கார்ந்துவிட்டார்கள்! அந்த ஹாலில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெண்கள் வலப்பக்கம், ஆண்கள் இடப்பக்கம், நடுவில் தீபாராதனைத் தட்டு வர வழிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். டிக்கெட் வாங்கி, ஊரின் அந்தக் கோடி பாணேரிலிருந்து வந்த ஒன்பது பத்துப் பிள்ளைகள் பின்னால் நின்று விழித்தார்கள். அப்புறம் அவர்களும் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பெண் மேடைக்கு வந்தது. ஒல்லியாக, சின்ன உருவம். எங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் பாடவே மறந்துவிட்டது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு முதல் பாட்டைப் பாடியது. நல்ல குரல். முடிந்தது. ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. சாமி பாட்டுக்குக் கைதட்டிப் பழகாத ஜனங்கள் நாங்கள். அந்தப் பெண்ணின் முகம் வாடுவது எனக்குத் தெரிகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது பம்பைக்காரர் ஒருத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஓம் சக்தி!” என்றார்.

“பராசக்தி!” என்றோம் எண்பது பேரும். தகரக் கூரை அதிர்ந்தது.

பெட்டி தட்டுகிற பையன் பெட்டியிலிருந்து வழுக்கி விழுந்தான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது பாருங்கள், அதற்கு அப்புறம் நிற்கவே இல்லை. அடுத்த பாட்டு, தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்கிப் போகிற ஒருத்தியைப் பற்றியது. ஏரவாடாக்காரர்களிடமா இந்தப் பாட்டு! “எழுப்பி உடுங்கடி அவள!” என்று ஒருத்தி கத்தினாள். “என் கொடத்த யாரு நவுத்தினது?” என்று இன்னொருத்தி. பாட்டுக்கு நடுவிலேயே அந்தப் பெண், “நான் இல்லைங்க்கா, பக்கத்து வீட்டுக்காரங்க” என்று பதில் சொல்லிப் பாடியது. என் வீட்டுக்காரர் தொடையில் தாளம் போட்டார். பம்பைக்காரர்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் பாவம், வாசித்துத்தான் பழக்கம். ஒருத்தருக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓம் சக்தி, பராசக்தி. நாலாவது பாட்டுக்குப் பாணேர்ப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அந்தப் பெண் கேட்டது: “இத்தனை பேரை யாருங்க கூட்டிட்டு வந்தது?”

எண்பது கையும் பின்னால் நீண்டன. அத்தனை பெரிய ஹாலில், பின்பக்கம் முழுக்கக் காலி. வாசலில் வெள்ளைக் கோட்டின் மேல் கால்விரலை வைத்துக்கொண்டு அக்கா மட்டும் நின்றிருந்தாள்.

“அம்மா, சுடுதண்ணி கொடுத்தீங்களே! முன்னாடி வாங்கம்மா!”

அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அக்கா தலையை ஆட்டினாள். முடியாது என்று கையை ஆட்டினாள்.

“ஒரு பாட்டுதாங்கம்மா. வாங்க.”

அக்கா கீழே காலைக் காட்டினாள். மேடையில் இருப்பவளுக்கு என்ன புரியும்? சுவரோரம் மேனேஜர் கைகட்டிக்கொண்டு நிற்கிறார். யாராவது சொல்ல வேண்டும். நான் எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசினவள் இல்லை. என் முதுகில் கைவைக்க அன்றைக்கு ஆளும் இல்லை. ஆனாலும் வைத்த மாதிரிதான் இருந்தது. எழுந்து நின்றேன்.

“அவங்க வர மாட்டாங்கம்மா. வாசல உட்டா அவங்க வேல பூடும். பேத்தி படிப்பு நின்னு பூடும். முருகன் மேல சத்தியம் பண்ணிக்கீறாங்க. அவங்க ஒரு பாட்டுகூட முழுசா கேட்டதில்ல!”

தமிழில்தான் கத்தினேன். ஆனால் மேனேஜருக்கே பாதி புரிந்த மாதிரி இருந்தது.

அந்தப் பெண் கிட்டாரில் செருகியிருந்த வயரைப் பிடுங்கிப் போட்டது. மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டது. மேடையிலிருந்து குதித்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே நாங்கள் விட்டிருந்த வழியில், தட்டு வருகிற மாதிரி நடந்து வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பையன் பின்னால் வந்தான். நேரே வாசலுக்குப் போய், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அக்காவுக்கு எதிரே நின்றது.

நாங்கள் அப்படியே திரும்பினோம். மைக் இல்லை, கூரையில் மழை. கிட்டே போனால்தான் கேட்கும். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து எண்பது பேரும் வாசலை நெருக்கினோம். அக்கா பின்னால் நழுவப் பார்த்தாள். பின்னால் கொட்டுகிற மழையும் எங்கள் செருப்பு மலையும். போக வழியில்லை. தலையில் இருந்த யூனிபார்ம் தொப்பியைக் கழற்றினாள். சட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். அப்புறம், இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை. துடைக்கக் கையை எடுத்தால் பாட்டு நின்றுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. பாட்டு முடிந்தபோது ஓம் சக்தி சொல்ல எங்கள் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அக்காதான் சொன்னாள். “ஓம் சக்தி.” ரொம்ப மெதுவாக.

நாங்கள் கொடுத்த பதிலில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

அந்தப் பெண் அக்காவின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து போனை எடுத்தது. “அப்பா! இல்லப்பா, வரலை. பொட்டியை மூடலை. நாளைக்கு மும்பை இருக்கில்ல, போறேன். அப்புறம் பேசறேன், இங்க எனக்குக் கூழ் கொடுக்கறாங்க.” உண்மைதான். டெம்போவிலிருந்து என் வீட்டுக்காரர் மிச்சக் கூழ் அண்டாவை இறக்கிவிட்டிருந்தார்.

அப்போதுதான் மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வெறுங்காலோடு வந்தார். எப்போது கழற்றினாரோ, அவருடைய ஷூவும் எங்கள் செருப்பு மலைக்குள் எங்கேயோ இருந்தது. வாசலைப் பார்த்தார். கூழ் குடிக்கிற ஜனங்களைப் பார்த்தார்.

“மாவ்ஷி,” என்றார், “வாசலை விட்டீங்களா?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து தன் கால்விரலைப் பார்த்தாள். கோட்டின் மேலேயே இருந்தது, இம்மி நகரவில்லை.

“நான் எங்க சாப் போனேன்?” என்றாள். “மேடைதானே இங்க வந்துச்சு.”